முதல் சைக்கிள் வாங்கப் போறீங்களா? கலரைப் பார்க்காதீங்க, எடையைப் பாருங்க!

பிறந்தநாளுக்கு ஆசை ஆசையா வாங்கின சைக்கிள், பத்தே நாளில் மாடிப்படிக்கு அடியில் நிற்கும். ஹேண்டில்பாரில் துண்டு காயும். கேரியரில் பழைய பேப்பர் கட்டு உட்கார்ந்திருக்கும். 'எங்க புள்ளைக்கு சைக்கிள்னாலே பயம்'னு வீட்டில் ஒரு முடிவுக்கும் வந்திருப்பாங்க.

ஆனா, பல வீடுகளில் பிரச்னை புள்ளையோட பயம் இல்லை, சைக்கிளோட எடை. நகர்த்தக்கூட முடியாத வண்டியை நாலு வயசுக் குழந்தைகிட்ட கொடுத்துட்டு, 'மிதி... மிதி'ன்னு சொன்னா எப்படி மிதிக்கும்?

முதல் சைக்கிள் வாங்கும்போது எதைப் பார்க்கணும், எதைக் கழற்றணும், தேனி - கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி சரிவும் காற்றும் உள்ள ஊரில் எங்கே பழக்கணும்? வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

கணக்கு ரொம்ப சிம்பிள்

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, 4 வயதுக் குழந்தையின் சராசரி எடை சுமார் 16 கிலோ. 5 வயதில் சுமார் 18 கிலோ. நம்ம பிள்ளைகள் பலர் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் இருப்பாங்க.

இப்போ சைக்கிளுக்கு வருவோம். கேரியர், கூடை, மட்கார்டு, சைடு வீல் எல்லாம் வச்ச 16 அங்குல ஸ்டீல் சைக்கிள் பலதும் 10 கிலோவைத் தொட்டுடும். அதாவது, குழந்தையின் எடையில் பாதிக்கும் மேல!

65 கிலோ எடையுள்ள உங்களுக்கு இதையே கணக்குப் போட்டால், 40 கிலோ சைக்கிள் வரும். பால்கேன் கட்டி ஓட்டுற பெரிய சைக்கிளே சுமார் 20 கிலோதான். அப்படி ரெண்டு சைக்கிளைச் சேர்த்துக் கட்டி, 'ஓட்டுங்க'ன்னு கொடுத்தால் நாமளே ஓடிடுவோம்.

குழந்தைகள் சைக்கிளை வடிவமைக்கிறவங்க வழக்கமா சொல்ற அளவு இதுதான்: சைக்கிளின் எடை குழந்தையின் எடையில் 40 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் ரொம்ப நல்லது.

* குழந்தை 15 கிலோ என்றால், சைக்கிள் 6 கிலோவுக்குள்.
* 18 கிலோ என்றால், சுமார் 7 கிலோவுக்குள்.
* 20 கிலோ என்றால், 8 கிலோவுக்குள்.

குழந்தையின் எடை தெரியலையா? அங்கன்வாடிக்குப் போற பிள்ளைன்னா அங்கேயே எடையும் உயரமும் எழுதி வச்சிருப்பாங்க. சைக்கிளோட எடையைக் கடைக்காரர் சொல்லலைன்னா, எடை மெஷினில் முதலில் நீங்க மட்டும் ஏறுங்க. அப்புறம் சைக்கிளைத் தூக்கிக்கிட்டு ஏறுங்க. வித்தியாசம்தான் சைக்கிள் எடை. வீட்டில் மெஷின் இல்லைன்னா, பக்கத்துல இருக்குற கமிஷன் கடைத் தராசு போதும்.

வெளிநாட்டில் இதுக்குன்னே கம்பெனிகள் வந்தாச்சு. இங்கிலாந்தில் ஐலா ரவுன்ட்ரீ என்ற சைக்கிள் வீராங்கனை தொடங்கிய 'ஐலாபைக்ஸ்', 2013-ல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் தொடங்கப்பட்ட 'வூம்' இரண்டும் எடையைக் குறைத்தே பெயர் வாங்கியவை. வூமின் 14 அங்குல சைக்கிள் சுமார் 5 கிலோதான். அந்த விலைக்கு நாம போக வேண்டியதில்லை. ஆனா, 5 கிலோவில் ஒரு சைக்கிள் செய்ய முடியும்னு தெரிஞ்சுக்கிட்டா, கடையில் 11 கிலோ வண்டியைக் காட்டும்போது 'இதைவிட லேசானது இருக்கா?'னு தைரியமா கேட்கலாம்.

'நாங்கல்லாம் குரங்கு பெடல் அடிச்சு ஓட்டலையா?'

வீட்டில் தாத்தாவோ, அப்பாவோ இதைக் கேட்காம இருக்க மாட்டாங்க. நியாயமான கேள்விதான். வாடகை சைக்கிளை மணிக்கணக்குக்கு எடுத்து, பாருக்குக் கீழே காலை விட்டு, முட்டியெல்லாம் சிராய்ச்சு ஓட்டின தலைமுறை அவங்க.

ஆனா, குரங்கு பெடல் அடிச்சப்போ அவங்களுக்கு என்ன வயசு? பெரும்பாலும் எட்டு, ஒன்பது, பத்து. கையிலும் காலிலும் பலம் வந்த வயசு. வேற சைக்கிளும் கிடையாது. நாம இன்னைக்கு நாலு வயசுலயே சைக்கிள் வாங்கிக் கொடுக்குறோம். வயசைப் பாதியாக்கினா, சைக்கிளின் எடையையும் குறைக்கணும் இல்லையா?

வயசைக் கேட்காதீங்க, காலை அளங்க

யூனிஃபார்ம் தைக்கும்போது 'வளர்ற புள்ள, கொஞ்சம் லூஸா தைங்க'னு சொல்வோம். சைக்கிளில் அந்தக் கணக்கு ஆகாது. 'ரெண்டு வருஷம் சேர்த்து ஓட்டட்டும்'னு பெருசா வாங்கினா, அந்த ரெண்டு வருஷமும் அது மாடிப்படிக்கு அடியிலதான் நிற்கும்.

குழந்தையை செருப்போட சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லுங்க. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே வரை தூக்கிப் பிடிங்க. தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை டேப் வைத்து அளங்க. அதுதான் உட்கால் அளவு. சீட்டை முழுசா இறக்கினால், அதன் உயரம் இந்த அளவுக்குச் சமமாகவோ, குறைவாகவோ இருக்கணும். அப்போதான் ரெண்டு பாதமும் தரையில் முழுசா படும்.

உயரத்தை வைத்து உத்தேசமாக இப்படிப் பார்க்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்:

* 12 அங்குலம்: 85 - 100 செ.மீ உயரம்
* 14 அங்குலம்: 95 - 110 செ.மீ
* 16 அங்குலம்: 105 - 120 செ.மீ
* 20 அங்குலம்: 115 - 135 செ.மீ

ரெண்டு அளவுக்கு நடுவில் இருக்கும் குழந்தையா? முதல் சைக்கிள் என்றால் சின்னதையே எடுங்க.

கடையிலேயே செய்ய வேண்டிய 5 சோதனைகள்

குழந்தையைக் கூட்டிட்டுப் போகாம சைக்கிள் வாங்காதீங்க. சர்ப்ரைஸ் கிஃப்ட் ஆசையை வேற பொருளுக்கு வச்சுக்கலாம்.

1. தூக்கும் சோதனை: சைக்கிளைத் தரையில் படுக்க வைங்க. குழந்தையைத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்க. முடியலைன்னா, அந்த சைக்கிள் வேண்டாம். எல்லாத்தையும்விட இது முக்கியம்.

2. பிரேக் சோதனை: குழந்தையின் விரல் பிரேக் லிவரை எட்டுதா? உட்கார வைத்து நீங்க தள்ளுங்க. அது ஒரு கையால் அழுத்தினதும் சக்கரம் நிற்கணும். நீங்க அழுத்திப் பார்க்கிறது கணக்கில் சேராது. எட்டலைன்னா, லிவரில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திருகிக் கிட்டக் கொண்டுவர முடியுமான்னு மெக்கானிக்கிடம் கேளுங்க.

3. கால் சோதனை: சீட்டில் உட்கார்ந்தபடி ரெண்டு பாதமும் தரையில் படணும். மிதிக்கும்போது முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கக் கூடாது.

4. செயின் சோதனை: செயின் கவர் முழுசா மூடியிருக்கணும். பாவாடை, பேன்ட் நுனி, பிஞ்சு விரல் எதுவும் உள்ளே போகக் கூடாது.

5. சுற்றும் சோதனை: சைக்கிளைத் தூக்கிப் பிடிச்சு பெடலைக் கையால் சுத்துங்க. கரகரன்னு சத்தம் வந்தாலோ, இறுக்கமா சுத்தினாலோ சரிபண்ணிக் கேளுங்க.

எடையைக் கூட்டும் 'அலங்காரங்கள்'

பெரியவங்க பைக் மாதிரி தெரியணும்னு முன்னாடி ஷாக் அப்சார்பர், தடிமனான ஃபேட் டயர், ரெண்டு டிஸ்க் பிரேக் வச்சு வர்ற குட்டி சைக்கிள்கள் பார்க்க கெத்தாத்தான் இருக்கும். ஆனா, 16 கிலோ குழந்தையின் எடைக்கு அந்த ஷாக் அப்சார்பர் அசையவே அசையாது. வெறும் சுமை. நாலு வயசுக்கு கியரும் தேவையில்லை.

ஏற்கெனவே கனமான சைக்கிள் வாங்கிட்டீங்களா? கவலைப்படாதீங்க. கேரியர், கூடை, ஸ்டாண்டு, சைடு வீல் நாலையும் கழற்றினாலே ஒரு கிலோவுக்கு மேல குறைய வாய்ப்பிருக்கு. பெல், ரிஃப்ளெக்டர், செயின் கவர் மூணையும் மட்டும் தொடாதீங்க.

அலுமினியம் ஃபிரேம் பொதுவா லேசு. விலை கூடுதல். ஆனா, 'அலாய்'னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா மட்டும் லேசு ஆகிடாது. ரிம் மட்டும் அலாயா இருக்கலாம். அதனால ஸ்டிக்கரை நம்பாம தராசை நம்புங்க.

டயரில் ஒரு சிக்கல் இருக்கு. காற்றே அடிக்கத் தேவையில்லாத ஃபோம் டயர் லேசு, பஞ்சரும் ஆகாது. சீமைக்கருவேல முள் கிடக்கும் நம்ம பக்கத் தெருவுக்கு ஏத்ததா தெரியும். ஆனா, வழவழப்பான சிமென்ட் தரையில் அதன் பிடிமானம் குறைவு. மேடு பள்ளத்தில் அதிர்வும் அதிகம். பெடல் சைக்கிளுக்கு டியூப் டயரே நல்லது. பஞ்சரை ஒட்டிக்கலாம்.

முதல் வாரம் பெடலே வேண்டாம்

1817-ல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ட்ரைஸ் என்பவர் ஓட்டிக்காட்டிய இருசக்கர வண்டியில் பெடலே கிடையாது. சீட்டில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி ஓட்டினார். முதலில் பேலன்ஸ், அப்புறம்தான் பெடல். சைக்கிள் வளர்ந்த வழியும் அதுதான். குழந்தை கற்க எளிதான வழியும் அதுதான்.

சைடு வீல் இதுக்கு நேர்மாறு. மிதிக்கக் கத்துக்கொடுக்கும், பேலன்ஸ் கத்துக்கொடுக்காது. சைக்கிளில் திரும்பும்போது உடம்பு கொஞ்சம் சாயணும். சைடு வீல் அந்தச் சாய்வைத் தடுத்துடும். அதைக் கழற்றிய அன்னைக்கு குழந்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அதனால மெக்கானிக்கிடம் ரெண்டு பெடலையும் கழற்றித் தரச் சொல்லுங்க. நீங்களே கழற்றினா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. வலது பெடல் வழக்கம்போல இடப்பக்கமா சுத்தினா கழலும். இடது பெடலின் மரை தலைகீழ். கடிகார முள் சுத்துற திசையில் சுத்தினாத்தான் கழலும்.

சீட்டை இறக்கி, குழந்தையைக் காலால் தள்ளித் தள்ளிப் போக விடுங்க. ரெண்டு காலையும் தூக்கிட்டு நாலஞ்சு மீட்டர் வழுக்கிக்கிட்டுப் போக ஆரம்பிச்சா, பேலன்ஸ் வந்தாச்சு. பெடலை மாட்டிடலாம். அப்போ பின்னாடி சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓட வேண்டாம். குழந்தையின் தோளையோ, அக்குளையோ லேசா பிடிங்க. சாயுறதை அது உணரணும்.

நம்ம ஊரில் எங்கே, எப்போ பழக்கலாம்?

முல்லைப்பெரியாறு லோயர் கேம்ப்பிலிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம் பக்கமா இறங்கி வர்ற மாதிரியே நிலமும் சரிஞ்சு வருது. போடியில் மலையைப் பார்த்த தெருக்களும் அப்படித்தான். நமக்கு சமதளமா தெரியுற தெரு, நாலு வயசுக் காலுக்கு ஏற்றம். அதனால ரெண்டு பக்கமும் ஒரு தடவை நடந்து பாருங்க. கண்ணுக்குத் தெரியாத சரிவு மெதுவா வழுக்கிப் பழக உதவும். நல்ல இறக்கம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியா புகுந்து வர்ற இடம் இது. அதை நம்பித்தான் தேனி மாவட்டத்தில் காற்றாலைகளே நிற்குது. ஆனி, ஆடியில் எதிர்காற்றில் குழந்தையை மிதிக்கச் சொன்னா, லேசான சைக்கிளும் கனக்கும். அந்த மாதங்களில் வெள்ளனவே கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க.

பழக்க நல்ல இடங்கள்: விடுமுறை நாளில் அனுமதி வாங்கிப் பள்ளி மைதானம், நெல் காயப் போடாத நாளில் சிமென்ட் களம், வண்டி வராத தெரு.

தவிர்க்க வேண்டிய இடங்கள்: குமுளி போற மெயின் ரோடு. அதிலும் கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் வரிசைகட்டும். 18-ம் கால்வாய் உட்பட எந்த வாய்க்கால் கரையும் வேண்டாம். தண்ணி ஓடலைன்னாலும் வேண்டாம். பழகுற புள்ள எந்தப் பக்கம் சாயும்னு யாருக்கும் தெரியாது.

ஹெல்மெட்டை முதல் நாளிலிருந்தே மாட்டுங்க. புருவத்துக்கு மேலே ரெண்டு விரல் இடைவெளியில் உட்காரணும். காலில் ஷூ இருக்கட்டும்.

பட்ஜெட் கொஞ்சம்தானா?

* கனமான புதுசைவிட, லேசான பழசு மேல். சொந்தக்காரங்க வீட்டு மாடிப்படிக்கு அடியிலும் பாருங்க!
* பழசு வாங்கினா பிரேக் கட்டை, பிரேக் கேபிள், டயர், டியூப் நாலையும் மாத்திடுங்க.
* ஃபிரேமின் வெல்டிங் இடங்களில் விரிசல் இருந்தா, சும்மா கொடுத்தாலும் வாங்காதீங்க.
* அக்கா ஓட்டின பிங்க் சைக்கிளைத் தம்பி ஓட்டலாம். குறுக்கு பார் தாழ்வா இருக்குற சைக்கிளில் எல்லாக் குழந்தையும் சுலபமா ஏறி இறங்கும்.

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு 11-ம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி கிடைச்சுடும். அதுக்குள்ள பயமில்லாம ஓட்டத் தெரிஞ்சிருக்கணும். அந்தத் தைரியம் கிடைக்கிறதும், கிடைக்காம போறதும் பெரும்பாலும் இந்த முதல் சைக்கிளில்தான்.

விழாம யாரும் சைக்கிள் கத்துக்கலை. உங்க புள்ளையும் விழும். ஆனா விழுந்ததும் உங்களைத் திரும்பிப் பார்த்து அழாம, தானே சைக்கிளைத் தூக்கி நிறுத்திட்டு மறுபடி ஏறுச்சுன்னா, நீங்க வாங்கினது சரியான சைக்கிள்!