பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி

தேவகி பெற்றாள், யசோதை வளர்த்தாள். கண்ணன் கதையைக் கோயில் வாசலில் அமர்ந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயர்பாடி யசோதைக்குச் சொந்த ஊர். பிள்ளைதான் அங்கே வந்து சேர்ந்தது. இன்று நான் சொல்லவிருக்கும் வரலாற்றில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. இதில் தாய் கடல் கடந்து வந்தவள். பிள்ளையோ அந்த மண்ணிலேயே பிறந்தது. தாய் தமிழச்சி, பிள்ளை சீனக் குழந்தை. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இப்படி வளர்ந்த பெண்கள் பலர். உங்கள் தோட்டத்திலேயே, சேலை கட்டிப் பூ வைத்து, தமிழ் பேசி, தீ மிதிக்கும் சீன முகத்து அம்மா ஒருவரை நீங்கள் கண்டிருக்கலாம். அவர் எப்படி நம்மவர் ஆனார்? அவரை நம்மவர் என்று சட்டம் ஏற்றுக்கொண்டதா? இவ்விரண்டு கேள்விகளையும் சற்று ஆராய்வோம்.

முதலில் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் வட்டாரத்துக்குப் போவோம். சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதி அது. 1843 முதல் 1933 வரை அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. 1919 முதல் 1931 வரை நகராண்மைக் கழகத் தலைவராக இருந்த ஃபேரர் என்பவரின் பெயரே அந்தத் திடலுக்கு வைக்கப்பட்டது. சுற்றிலும் மாட்டுத் தொழுவங்கள், பால்காரர்கள், நகராண்மைக் கூலித் தொழிலாளர்கள், சீனிவாசப் பெருமாள் கோயில், சற்றுத் தள்ளித் தேக்கா சந்தை. தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருந்த இடம் அது.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருந்தது. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். 1924ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அது பிரசவ மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகிலேயே ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் மிக அதிகமாக நடந்த பிரசவம் என்று அது சாதனைப் புத்தகத்தில் ஏறியது. அவ்வளவு குழந்தைகள் பிறந்த இடத்தில், எல்லாக் குழந்தைகளையும் பெற்றவர்களால் வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்ததா? முடியவில்லை.

ஏழைச் சீனக் குடும்பங்களில் ஐந்து, ஆறு பிள்ளைகளுக்குப் பிறகு இன்னொரு பெண் பிறந்தால் அது பெரும் பாரமாகத் தெரிந்தது. குலப்பெயரைச் சுமப்பவன் ஆண். பெண்ணோ பிறர் வீட்டுக்குப் போகிறவள் என்பது அவர்கள் எண்ணம். நம்மிடமும் அந்த எண்ணம் இல்லாமலா போயிற்று? அதோடு சோதிட நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. பிள்ளையின் ஜாதகம் தகப்பனுக்கு ஆகாது என்று சோதிடர் சொல்லிவிட்டால் போதும், பிள்ளை கைமாறிவிடும். 1938, 1950, 1962 ஆகியவை சீனர் கணக்கில் புலி ஆண்டுகள். புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாதவள் என்று அஞ்சியவர்கள் உண்டு. மருத்துவச்சியோ அண்டை வீட்டாரோ இடையில் நின்று பேசுவார்கள். பெற்றவள் கையில் ஓர் அங்பாவ் வைத்துவிட்டு, பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு போவார்கள். பல குடும்பங்களில் சடங்கு அவ்வளவுதான். எழுத்து என்று எதுவும் இருக்காது.

தமிழர்கள் ஏன் ஏற்றார்கள்? குழந்தை இல்லாதவர்கள் ஏற்றார்கள். ஆண் பிள்ளைகளாகவே பெற்று, ஒரு பெண் வேண்டுமென்று ஏங்கியவர்கள் ஏற்றார்கள். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் தன் வயிற்றிலும் ஒன்று பிறக்கும் என்று நம்பியவர்களும் ஏற்றார்கள். ஊரில் என்றால் அண்ணன் பிள்ளையையோ தங்கை பிள்ளையையோ எடுத்து வளர்க்கலாம். இங்கே உறவு எல்லாம் கடலுக்கு அப்பால் இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழைய இந்துச் சட்டப்படி, ஈமக்கடன் செய்ய ஓர் ஆண் பிள்ளையைத்தான் தத்து எடுப்பது பொது வழக்கம். பெண் பிள்ளையைத் தத்தெடுக்க இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, எழுத்தறியாத நம் கூலித் தாய்மார் வேற்று இனத்துப் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டார்கள். சாத்திரம் கேட்கவில்லை, பசித்து அழுத பிள்ளைக்குப் பால் புகட்டினார்கள்.

அந்தப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள். காது குத்தி, பெயர் வைத்து, சடங்கு சுற்றி, தாலி கட்டிக் கொடுத்தார்கள். சந்தையில் சீனக் கடைக்காரர் அவளைப் பார்த்து ஹொக்கியன் மொழியில் பேசுவார். பதில் தமிழிலோ பஜார் மலாயிலோ வரும். பிறந்த நாட்டிலேயே வாழ்ந்தாள். பெற்ற தாய் இரண்டு தெரு தள்ளிக்கூட இருக்கலாம். ஆனால் இருவருக்கும் பொதுமொழி இல்லை. வளர்த்த தாய்க்கோ எந்நேரமும் ஓர் அச்சம். பெற்றவள் ஒருநாள் வந்து கேட்டுவிட்டால்? இந்த அச்சத்தால் வீடு மாறியவர்கள் உண்டு. பிள்ளையிடம் கடைசிவரை உண்மையைச் சொல்லாதவர்களும் உண்டு.

சட்டம் என்ன செய்தது? அக்காலத்தில் பிள்ளை வளர்ப்பு என்ற பெயரில் வேறொன்றும் நடந்தது. ஏழைச் சீனச் சிறுமிகளை விலைக்கு வாங்கி, சம்பளமில்லாத வேலைக்காரிகளாக வைத்துக்கொள்வார்கள். அவர்களை மூய்ச்சாய் என்பார்கள். அதைத் தடுக்க 1932இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வளர்ப்பு மகள் யார், வேலைக்காரி யார் என்று எப்படிப் பிரித்தறிவது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பின்னர், 1939இல் சிங்கப்பூரில் பிள்ளைகளைத் தத்தெடுக்கும் சட்டம் வந்தது. நீதிமன்றம் ஆணை பிறப்பித்தால், பெற்றவரின் உரிமையும் கடமையும் வளர்ப்பவருக்கு மாறும். ஆனால் நீதிமன்றம் எங்கே, மாட்டுத் தொழுவத்துத் தொழிலாளி எங்கே? பலர் அந்தப் படியை மிதிக்கவே இல்லை.

பிறகு போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. சீன ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அரிசிக்குப் பஞ்சம், எங்கும் மரவள்ளிக் கிழங்கு. பிள்ளை உயிரோடிருந்தால் போதும் என்று பல சீனத் தாய்மார் குழந்தையைக் கைமாற்றினார்கள். அதே காலத்தில்தான் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆணில்லாத லயங்களில், தன் பிள்ளைக்கே கஞ்சி போதாத நேரத்தில், இன்னொரு பிள்ளைக்கும் அதைப் பங்கிட்ட தாய்மாரின் பெயரை எந்த ஏட்டிலும் காண முடியாது.

போர் முடிந்த பின், எழுத்தில்லாத தத்து எவ்வளவு ஆபத்தானது என்பதை 1950ஆம் ஆண்டு ஒரு வழக்கு காட்டியது. மரியா ஹெர்தோக் என்ற டச்சுப் பெண் 1937இல் ஜாவாத் தீவில் பிறந்தவள். தகப்பன் ஜப்பானியர் சிறையில் அகப்பட்ட 1942ஆம் ஆண்டு, அவள் அமினா என்ற மலாய்ப் பெண்ணிடம் சேர்ந்தாள். தாய் தத்துக் கொடுத்தாள் என்றார் அமினா. சில நாள் தங்கத்தான் அனுப்பினேன் என்றார் தாய். நத்ரா என்ற பெயரில் முதலில் பிறந்த மண்ணிலும், 1947 முதல் திரங்கானுவின் கெமாமானிலும் அமினாவின் மகளாகவே அவள் வளர்ந்தாள். பெற்றோர் தேடிக் கண்டுபிடித்துச் சிங்கப்பூரில் வழக்குத் தொடுத்தார்கள். தகப்பன் ஒருபோதும் சம்மதிக்கவில்லை என்று கூறி, 1950 டிசம்பர் 2ஆம் நாள் நீதிபதி அவளைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். மதமும் இனமும் இதில் கலந்துவிட்டன. டிசம்பர் 11ஆம் நாள் கலகம் மூண்டது. 18 பேர் மாண்டார்கள். 173 பேர் காயமடைந்தார்கள். பதின்மூன்று வயதுச் சிறுமி அழுதபடி, தான் வாழ்ந்தறியாத ஹாலந்து நாட்டுக்கு விமானம் ஏற்றப்பட்டாள். சீனப் பிள்ளையை எடுத்து வளர்த்த எந்தத் தாய்க்கும் அந்தச் செய்தி இடியாகத்தான் விழுந்திருக்கும்.

1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கே பிறந்தவர் அச்சட்டப்படி பிறப்பாலேயே குடிமக்கள் ஆனார்கள். இந்தியாவிலிருந்து வந்தவரோ, குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததைக் காட்டி, நாட்டுக்கு விசுவாசம் கூறிப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. மடியில் கிடந்த வளர்ப்பு மகள் மண்ணுக்கு உரியவள். மடி கொடுத்தவள் மனுப்போட்டுக் காத்திருந்தாள்! ஆனால் பிள்ளையின் அந்த உரிமையையும் நிரூபிக்க ஒரு பிறப்புப் பத்திரம் வேண்டும்.

1966இல் சிங்கப்பூரில் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. பிறப்பு குறைந்தது, வருமானம் உயர்ந்தது, பெண்கள் வேலைக்குப் போனார்கள். பிள்ளையைக் கைமாற்றும் வழக்கமும் மெல்ல மறைந்தது.

நேயர்களே, மலாயாவிலும் 1952ஆம் ஆண்டிலேயே இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று நீதிமன்றத்தின் வழி தத்தெடுப்பது. மற்றொன்று, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளையைக் குறைந்தது இரண்டாண்டு பேணி வளர்த்தவர்கள், பதிவு இலாகாவில் தத்தைப் பதிவு செய்துகொள்வது. ஆயினும் தோட்டப்புறத்தில் எத்தனையோ பேர் பதியவில்லை. பிள்ளை தமிழ்ப் பள்ளியில் சேரும்போதோ, பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கும்போதோதான் வினை தெரிந்தது. பெற்றவர் யார் என்று காட்ட முடியாததால், இந்நாட்டில் பிறந்தும் சிவப்பு அடையாளக் கார்டோடு, சிலர் அதுவும் இல்லாமல், முதுமை அடைந்தார்கள். தத்துப் பதிவு மட்டுமே குடியுரிமை தந்துவிடாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பெற்றவர் யாரென்று தெரியாத ஒரு வளர்ப்புப் பிள்ளை குடியுரிமை பெறுவதற்கு, 2021ஆம் ஆண்டில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

ஆகவே, வரலாறு நமக்குச் சொல்வது என்ன? அன்புக்குப் பத்திரம் தேவையில்லை, உண்மைதான். அந்த அன்பில் நம் பாட்டிமார் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆனால் வளர்த்தவள் கண்ணை மூடிய பிறகு, பிள்ளைக்காகப் பேசுவது பத்திரம் ஒன்றுதான். உங்கள் வீட்டில் எடுத்து வளர்க்கும் பிள்ளை இருந்தால், பெற்றவளின் பெயரும் பிறந்த மருத்துவமனையும் தேதியும் தெரியும் காலத்திலேயே எழுதி வையுங்கள். காலம் தாழ்த்தாமல் பதிவு இலாகாவுக்குச் செல்லுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்காதவர்களுக்குத் துணையாகப் போங்கள். பிள்ளைக்கு அறிவு வந்ததும் உண்மையை நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். ஊரார் வாயிலிருந்து கேட்க விடாதீர்கள்.

உங்கள் தோட்டத்தில் சீன முகத்துத் தமிழ்ப் பாட்டி ஒருவர் இருந்தால், ஒரு மாலை அருகில் உட்கார்ந்து அவர் கதையைக் கேளுங்கள். அவரை வளர்த்த தாயின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களும் நம் வரலாற்றில் இடம்பெற வேண்டியவையே.