டெண்டர் திறந்த பின் பேரம் பேசலாமா?

அரசுப் பணிகளுக்கான டெண்டரில் பேரம் எந்தக் கட்டத்தில் முடிவுக்கு வரவேண்டும்? இக்கேள்விக்கு ஒன்ராறியோ மாகாண வழக்கு ஒன்றே கனடா முழுவதற்கும் விடையளித்தது.

1972இல் மாகாண நீர்வள ஆணைக்குழுவின் பணி ஒன்றுக்கு ரான் எஞ்சினியரிங் நிறுவனம் 27,48,000 டாலர் விலை குறிப்பிட்டு, 1,50,000 டாலர் வைப்புத்தொகையும் செலுத்தியது. டெண்டர்கள் திறக்கப்பட்ட பின்னரே, தனது கணக்கில் சுமார் 7,50,000 டாலர் விடுபட்டதை அந்நிறுவனம் கண்டது. வைப்புத்தொகையைத் திருப்பித் தரக் கோரியது.

1981இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. நிபந்தனைகளுக்கு இணங்க விலையைச் சமர்ப்பித்ததுமே ஒரு முதல் ஒப்பந்தம் உருவாகிவிடுகிறது, பணிக்கான ஒப்பந்தம் வேறு என்பது தீர்ப்பின் சாரம். இக்கட்டுப்பாடு அரசுக்கும் உண்டு: நிபந்தனைகளை மீறிய டெண்டரை ஏற்க முடியாது என 1999இல் அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கில் கூறியது.

தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமோ, குறைந்த விலையும் சந்தை விலையை விஞ்சினால், அவ்விலை கோரியவருடன் மட்டும் பேசிக் குறைக்க வழிசெய்கிறது.

ஒன்ராறியோவிலும் இன்று பேச்சுவார்த்தைக்கு இடமளிக்கும் அழைப்புகள் உள்ளன. ஆனால் அது அழைப்பிலேயே முன்கூட்டி அறிவிக்கப்பட வேண்டும். எனவே யூனியன்வில் அடங்கிய மார்க்கம் நகரசபையிடம் பணி கோரும் சிறு ஒப்பந்தகாரரும், விலையை எழுதுமுன் நிபந்தனைகளை வாசிப்பது அவசியமாகிறது.