ஒரு வீடும் அதன் பாகங்களும்: சேலம் – நாமக்கல் சமவெளிக்கான சிறார் வரலாற்றுப் புனைவு

தமிழில் சிறார்க்கென எழுதப்பெறும் வரலாற்றுப் புனைவு பெரும்பாலும் அரண்மனையையும் போர்க்களத்தையும் விட்டு வெளியே வருவதில்லை. ஒரு குடும்ப வீட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடரும் கதை அதில் அரிது. அத்தகைய புனைவுக்கு உரிய வரலாற்றுப் பொருள் சேலம், நாமக்கல் சமவெளியில் எங்கே கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் வினா.

வடிவத்திற்கு அயலில் ஒரு முன்மாதிரி உண்டு. நாடியா வீட்லி எழுதி, டோனா ராலின்ஸ் படம் வரைந்த ‘மை பிளேஸ்’ என்னும் ஆஸ்திரேலியச் சிறார் நூல், 1988இல் தொடங்கிப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பின்னோக்கி 1788வரை செல்கிறது. ஒவ்வொரு காலத்தையும் அவ்விடத்தில் வாழ்ந்த ஒரு குழந்தை சொல்கிறது. முதலில் பேசுவதும் இறுதியில் பேசுவதும் பழங்குடிக் குழந்தைகள். எனவே ‘இது யாருடைய இடம்?’ என்னும் கேள்வி நூல் முழுவதும் உடன்வருகிறது. எனினும் இவ்வடிவத்தை அப்படியே பெயர்த்து நட இயலாது. அங்கே குடியிருப்போர் மாறுகின்றனர். கொங்குக் குடியானவர் வீட்டிலோ குடும்பம் மாறுவதில்லை, பாகம் மாறுகிறது. ஒரே கூரையின்கீழ் அடுப்பு இரண்டாகும் நாளே அவ்வீட்டின் வரலாற்று நாள்.

இதனை முதலில் இலக்கியமாக்கியவர் இச்சமவெளிக்கு மேற்கே, கொங்கின் மற்றொரு பகுதியைச் சேர்ந்த ஆர். சண்முகசுந்தரம். அவருடைய ‘நாகம்மாள்’ (1942) கொழுந்தன் வீட்டில் வாழும் கைம்பெண் நிலத்தில் பங்கு கேட்பதைப் பேசுகிறது. கைம்பெண்ணுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் கணவன் பங்கை அளித்த 1937ஆம் ஆண்டுச் சட்டம், மாகாணங்களில் வேளாண் நிலத்துக்குப் பொருந்தாது எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் கூறியிருந்தது. மறு ஆண்டு வெளிவந்த நாவலை இச்சட்டப் பின்னணியோடு சேர்த்து வாசிப்பது தகும். அது தீர்ப்புக்கு எழுதப்பட்ட மறுமொழி என்பதன்று இதன் பொருள். நாகம்மாளுக்கு ஒரு சிறு மகள் உண்டு. தாய் பங்கு கேட்ட நாளை அம்மகள் சொன்னால் அதுவே ஒரு சிறார் நூலின் அத்தியாயமாகும். சண்முகசுந்தரம் அவளைச் சொல்ல விடவில்லை.

அடுத்த திருப்பம் 1989. தமிழ்நாட்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் மகளையும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்குரிமை உடையவளாக்கியது. ஆனால், சட்டம் நடைமுறைக்கு வந்த 1989 மார்ச் 25க்கு முன் மணமான மகளுக்கு 2005வரை அவ்வுரிமை இருக்கவில்லை. ஒரே ஆசாரத்தில் விளையாடி வளர்ந்த இரு சகோதரியருள் மூத்தவள் விலக்கப்பட, இளையவள் பங்காளியானாள். பேத்திகள் இருவர் இதைப் பாட்டியிடம் கேட்பதாக எழுதினால் விளக்கவுரை எதுவும் வேண்டியதில்லை.

வீட்டின் மறுபக்கம் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000). திருச்செங்கோட்டு வட்டாரப் பின்னணியில், கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவனே இதன் மையம். அவ்வீட்டுக்காக உழைப்பவன், அவ்வீட்டுக்குள் இடமில்லாதவன். சிறாரை மையமாகக் கொண்டிருப்பினும் இது சிறார் நூல் அன்று. இதன் கடுமையைக் குறைத்துத் தரவும் கூடாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டு அத்தியாயத்தை வீட்டுப் பிள்ளையே சொன்னால், பட்டியில் நிற்பவன் அவன் கண்ணுக்கு விளையாட்டுத் தோழனாக மட்டுமே தெரியக்கூடும். ஆகவே அவ்வத்தியாயத்தை வெளியே நிற்பவன் சொல்வதே பொருந்தும் என்பது என் கருத்து. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நிலத்தின் நான்கெல்லையும் கிணற்றின் முறைநாளும் இடம்பெறும். அந்நிலத்தில் ஆடு மேய்த்தவன் பெயரைப் புனைவிலேதான் தேட வேண்டியிருக்கிறது.