சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீட்டில் இந்தியா

நாடுகள் தம் காற்றையும் நீரையும் உயிரினங்களையும் எவ்வாறு காக்கின்றன என்று மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்துவது சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீடு. அமெரிக்காவின் யேல், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதனை வெளியிட்டு வருகின்றனர்.

2020இல் 180 நாடுகளில் இந்தியா 168ஆம் இடம், மதிப்பெண் 27.6. 2022இல் 18.9 பெற்றுக் கடைசி இடத்துக்கு இறங்கியது. அவ்வாண்டு டென்மார்க் முதலிடம். அந்த ஜூன் மாதமே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இத்தரவரிசையை ஏற்க மறுத்தது. கடந்த பத்தாண்டுப் போக்கை மட்டும் வைத்து 2050ஆம் ஆண்டின் பசுமைக்குடில் வாயுக்களைக் கணித்தது சரியன்று, தலைக்கு எவ்வளவு என்ற கணக்குக்குப் போதிய மதிப்பளிக்கவில்லை என்று அது வாதிட்டது. 2024இல் எஸ்டோனியா முதலிடம், இந்தியா 176. மதிப்பெண் மீண்டும் அதே 27.6!

இதை வைத்து நாடு விழுந்து எழுந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு பதிப்பிலும் அளவுகோல்கள் மாறுகின்றன. வினாத்தாளும் மதிப்பெண் பங்கீடும் மாறினால் அதே மாணவன் வேறு ரேங்க் வாங்குவான். வகுப்பறையில் இருந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். அமைச்சகத்தின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நம் நகரங்களின் காற்று மாசு எந்த அளவுகோலை மாற்றினாலும் மறையாது.

பல்லுயிர்ப் பகுதியில் வேறொரு சிக்கல். நிலத்திலும் கடலிலும் எத்தனை விழுக்காடு பாதுகாக்கப்பட்டது என்பதே அங்கு முக்கியக் கேள்வி. வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்பதால் ஊர்மக்களே பறவைகளைக் காத்தனர். வேட்டையைத் தடுக்க 1798இல் ஆங்கிலேயக் கலெக்டரிடம் உத்தரவும் பெற்றனர். 2022இல், இந்தியா பட்டியலின் அடியில் நின்ற அதே ஆண்டில், அது ராம்சார் தலமானது. அந்த ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். நாட்டின் விழுக்காட்டில் அது புள்ளியளவும் தெரியாது.

எங்கள் ஆரணியிலும் இதே கதை. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் சேர்த்து வேகவைத்துப் பசை நீக்கி, பிறகு சாயம் ஏற்றுவர். கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் குறியீட்டில் மதிப்பெண் உண்டு. ஆனால் அது நாடு முழுமைக்கும் ஒரே எண். கமண்டல நாகநதியின் நிலை அதில் தெரியாது. உயிரியல் பன்மைச் சட்டம், 2002 ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதச் சொல்கிறது. தம் ஊர்ப் பதிவேட்டை மாணவர்கள் நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டுப் பார்க்கலாம்.