எண்களுக்குள் நம் எழுத்து: தோட்டப் பள்ளிகளும் கணினித் தமிழும்



இன்று நம் தமிழ்ப்பள்ளிகளில் கணினி ஒரு புதுமையன்று. முதலாம் ஆண்டு மாணவன்கூடத் திறன்பேசியைத் தடவித் தமிழில் தன் பெயரை எழுதிக் காட்டுகிறான். ஆனால், அந்தத் திரைக்குள் தமிழ் எழுத்து எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டால், நம் ஆசிரியர்களிலேயே பலர் விடை அறியார். கருவியைச் செய்த நிறுவனமே எழுத்தையும் சேர்த்துக் கொடுத்தது என்பதே பொதுவான எண்ணம். உண்மை அவ்வாறன்று.

நான் 2003ஆம் ஆண்டு முதல் நெகிரி செம்பிலான் தோட்டப்புறப் பள்ளிகளில் பணிபுரிந்து வருபவன். கணினி, அச்சுப்பொறி, கைப்பேசி என எந்தக் கருவி கைக்குக் கிடைத்தாலும் அதில் தமிழ் எழுத இயலுமா என்று பார்ப்பதே என் முதல் வேலை. அந்த ஆர்வத்தால் அறிந்துகொண்ட வரலாற்றையும், அதனால் நமக்கு வந்து சேர்ந்துள்ள ஒரு கடமையையும் இங்கு எழுத விழைகிறேன்.

கிராணியாரின் தட்டச்சுப் பொறி

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என விதித்தது. லின்சம், கொம்போக், பிராட்வால், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் என்று நம் மாநிலத்துத் தோட்டப் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக வாழ்வதற்கு இந்தத் தோட்டப் பள்ளி மரபே வேர்.

அந்நாளில் தோட்டத்தில் எழுத்துக்கென இருந்த ஒரே பொறி, அலுவலகத்தில் கிராணியார் வைத்திருந்த தட்டச்சுப் பொறி. அது ஆங்கிலம் மட்டுமே அறியும். பெரட்டுக்கு வருவோரின் பெயர் தொடங்கிச் சம்பளக் கணக்கு வரை அனைத்தும் ஆங்கிலத்தில்தான். பள்ளியிலோ ஆசிரியரின் கையெழுத்தே அச்சு. மெழுகுத்தாளில் எழுத்தாணியால் எழுதி, உருளையில் மை தடவிப் படியெடுத்த வினாத்தாள்களை மூத்த ஆசிரியர்கள் இன்றும் நினைவுகூர்வர்.

தமிழுக்குத் தட்டச்சுப் பொறி இல்லாமலில்லை. அதை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியைச் சேர்ந்தவர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றியவர். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளை ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்குவது எப்படி என்பதே அவர்முன் நின்ற சிக்கல். எழுத்தை முழுதாக வைக்காமல் கால், கொம்பு, புள்ளி எனத் துண்டுகளாகப் பிரித்து வைத்தார். பிற்காலத்தில் கணினியும் இதே சிக்கலில்தான் வந்து நின்றது.

256 கட்டங்கள்

1966ஆம் ஆண்டு மலேசியாவின் முதல் கணினியான ஐ.பி.எம். 1440, தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்டது. மின்சாரக் கட்டணக் கணக்கைப் பார்க்கக் கணினி வந்த அந்த ஆண்டில், பல தோட்டங்களின் லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தால்தான் அதனால் எழுத்தைச் சேமிக்க முடியும். அக்காலக் கணினிகளில் அதற்கு இருந்தவை 256 கட்டங்கள். அவற்றில் முதல் 128, ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் போய்விட்டன. எஞ்சிய 128 கட்டங்களுக்குள் தமிழ் புகவேண்டும். ஆகவே முத்தையா செய்தது போலவே எழுத்துகளைத் துண்டுகளாக்கினர்.

நம் நாட்டில் இப்பணியைத் தொடங்கியவர் முத்து நெடுமாறன். தமிழாசிரியரும் கவிஞரும் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ தொகுத்தவருமான முரசு நெடுமாறனின் மகன் இவர். 1985ஆம் ஆண்டு ‘முரசு’ என்னும் பெயரில் இவர் தொடங்கிய முயற்சி, 1990களில் ‘முரசு அஞ்சல்’ ஆக வளர்ந்தது. ஆங்கில விசைகளில் ஒலிப்பு முறையில் தட்டினால் திரையில் தமிழ் தோன்றும். அம்முறையே இன்று ‘அஞ்சல்’ விசைமுகம் என்று வழங்கப்படுகிறது. ஒரு தமிழாசிரியரின் வீட்டிலிருந்து கணினித் தமிழ் புறப்பட்டது என்பது நம்மைப் போன்ற ஆசிரியர்கள் பெருமைப்படத்தக்க செய்தியன்றோ!

அண்டை நாடான சிங்கப்பூரிலும் ஓர் ஆசிரியரே முன்னின்றார். ஆசிரியர் பயிற்சித் துறையில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, ‘கணியன்’ என்னும் முறையை உருவாக்கினார். 1995ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளில் இணையமேறியபோது, தமிழும் அதில் இடம்பெற்றதற்கு அவர் உழைப்பே காரணம். 1999ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

உடன்பாடு என்னும் அருஞ்செயல்

தமிழ் கணினிக்குள் புகுந்துவிட்டது. ஆனால் ஒவ்வொருவர் வழியிலும் வெவ்வேறாகப் புகுந்தது. ஒருவர் ‘க’வுக்குக் கொடுத்த எண்ணை இன்னொருவர் ‘ழ’வுக்குக் கொடுத்தார். ஒரு கணினியில் எழுதிய மடல், அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் காட்சியளித்தது.

இக்குழப்பத்தைத் தீர்க்க உலகத் தமிழ் ஆர்வலர்கள் கூடினர். 1997இல் சிங்கப்பூரில் முதல் மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியீடுகளையும் ‘தமிழ்99’ விசைப்பலகையையும் தரப்படுத்தியது. இணையக் குழுக்களில் விவாதித்து உருவாக்கப்பட்ட ‘திஸ்கி’ என்னும் குறியீடு வெளிநாட்டுத் தமிழரிடையே பரவியது. 2000இல் சிங்கப்பூர் மாநாட்டில் ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001இல் மாநாடு நம் கோலாலம்பூருக்கே வந்தது.

தமிழ்99இன் அழகை ஒரு சொல்லால் விளக்கலாம். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள் போதும். முதல் மகரத்துக்குப் புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்ளும். நம் மொழியின் புணர்ச்சி இயல்பை அறிந்தவர்களே இப்படி ஒரு பலகையை வகுக்க முடியும்.

மடிக்கணினி வந்த ஆண்டு

2002 இறுதியில் ஆசிரியர் பயிற்சியை முடித்து, 2003 சனவரியில் போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கிய ஆண்டு அது. அப்பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு அரசு மடிக்கணினியும் ஒளிபடக்காட்டியும் வழங்கியது.

ஆங்கிலத்தில் கற்பிப்பதற்காக வந்த கருவி அது. பள்ளி முடிந்த பிறகு நாங்கள் அதில் செய்ததோ தமிழ்ப்பணி. சிற்றிடைவேளை மணி அட்டவணை, சோதனை வினாத்தாள், பெற்றோருக்கான கடிதம், பரிசளிப்பு விழா மலர் என எல்லாவற்றையும் தமிழில் தட்டினோம். வகுப்பில் ஒளிபடக்காட்டி வழியே முதன்முதலாக ஒரு திருக்குறளைச் சுவரளவு எழுத்தில் காட்டியபோது, பின்வரிசை மாணவர்கள் எழுந்து வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தனர்.

ஆனால் எழுத்துருச் சிக்கல் தீர்ந்தபாடில்லை. வட்டாரக் கூட்டங்களுக்குப் போகும் ஆசிரியர்கள் ஒரு நெகிழ்வட்டில் கோப்பையும், இன்னொன்றில் எழுத்துருவையும் கொண்டு சென்றனர்.

ஒருங்குறியும் கைப்பேசியும்

இதற்கு முடிவு கட்டியது ‘யூனிகோடு’ என்னும் ஒருங்குறி. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் திட்டம் அது. தமிழுக்கென 128 இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டன. ஆங்கிலத்தின் எஞ்சிய இடத்தில் ஒண்டுக்குடித்தனம் செய்யும் நிலை நீங்கியது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000, ‘லதா’ எழுத்துருவுடன் தமிழை ஏற்றது. 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. குறைகள் உண்டு என்று வாதிடுவோர் இன்றும் உளர். எனினும், எல்லாக் கருவிகளும் ஒரே எண்ணைப் படிக்கின்றன என்பதே பெரும்பேறு.

கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தவரும் முத்து நெடுமாறனே. 2005 பொங்கலன்று அவருடைய ‘செல்லினம்’ சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. அக்காலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கிடைக்கும். ஒருங்குறித் தமிழில் 70 இடங்களே. ‘அம்மா’ என்பதற்கே அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து இடங்கள் போய்விடும். ஆகவே தீபாவளி வாழ்த்தைக்கூடத் தந்தியைப் போல் சுருக்கி எழுதினோம். 2013இல் ஐபோனிலேயே தமிழ் விசைமுகங்கள் இடம்பெற்றன. அதன்பின் எழுத்துரு தேடும் வேலையே மறைந்தது.

இதன் முழுப்பயனை நான் கண்டது 2020 மார்ச்சில், நடமாட்டக் கட்டுப்பாட்டால் பள்ளிகள் மூடப்பட்டபோது. மடிக்கணினி இல்லாத தோட்டத்து வீடுகளிலும் ஒரு கைப்பேசி இருந்தது. செம்பனைக் குலை அறுத்துத் திரும்பும் தந்தை, இரவில் பிள்ளையின் பாடத்தை அதில் படம்பிடித்து அனுப்புவார். “ஐயா, இன்னிக்கு நெட் இல்ல, நாளைக்கு அனுப்புறேன்” என்று அவர் தமிழில் எழுதிய ஒரு வரி எந்தச் சிதைவுமின்றி என்னை வந்தடைந்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது.

இரும்புப் பெட்டிக்குள் ஒரு வரலாறு

இப்போது கடமைக்கு வருகிறேன்.

நம் மாநிலத்தில் தோட்டங்கள் மறைந்து வருகின்றன. சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான், பண்டார் பாரு நீலாய் ஆகியவை முன்பு ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள். மக்கள் இடம்பெயர்ந்தனர். பள்ளிகள் சிலவும் உடன் பெயர்ந்தன. அவ்வாறு இடம் மாறிய பள்ளி ஒன்றின் பழைய அலமாரியைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒழித்தபோது, ஒரு பிஸ்கட் பெட்டியில் 23 நெகிழ்வட்டுகள் கிடைத்தன.

வெளியே இணைக்கும் வட்டு இயக்கி ஒன்றை வாங்கிவந்து பார்த்தேன். 14 வட்டுகள் திறந்தன. அவற்றில் 1990களின் இறுதியில் தயாரித்த பள்ளி மலருக்கான கோப்புகள் இருந்தன. திறந்தால் எல்லாம் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள். திஸ்கி, டாப், டாம் எதற்கும் அவை இணங்கவில்லை. அந்நாளில் யாரோ ஒரு விற்பனையாளர் தம் விருப்பப்படி வகுத்த குறியீடு போலும்.

நல்லூழாக, அம்மலரின் இரண்டு அச்சுத்தாள்களும் பெட்டியில் இருந்தன. தாளையும் திரையையும் அருகருகே வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் சேர்ந்து ஓர் அட்டவணை தயாரித்தோம். மாணவர்களுக்கு அது துப்பறியும் விளையாட்டு. ஓர் இடர்ப்பாடு மட்டும் நின்றது. பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் எனச் சேமிக்கப்படும். ஒருங்குறியிலோ முதலில் க. பிறகே ஒகரக் குறி. இந்த வரிசையையும் மாற்றிய பின், கோப்புகள் ஒவ்வொன்றாய்த் தமிழில் பேசத் தொடங்கின.

அவற்றுள் ஒன்று, பால்மரம் வெட்டிய ஒரு முதியவரின் நேர்காணல். சப்பானியர் ஆட்சியில் தோட்டத்திலிருந்து சயாம் இரயில் பாதை போட அழைத்துச் செல்லப்பட்டு உயிரோடு திரும்பியவர் அவர். உடன் போனவர்களின் பெயர்கள், அவர்கள் எந்த லயத்தில் குடியிருந்தார்கள் என்பது வரை சொல்லியிருக்கிறார். அவர் காலமாகிவிட்டார். அச்சான மலரின் முழுப்படி எங்கும் கிடைக்கவில்லை. அந்தப் பெயர்கள் இவ்வுலகில் எழுத்தாக இருந்தது அந்த ஒரு வட்டில் மட்டுமே. திறக்காத ஒன்பது வட்டுகளில் என்ன இருந்தது என்பதை இனி யார் சொல்வார்?

அன்பர்களே, இத்தகைய பெட்டி உங்கள் பள்ளியிலும் இருக்கக்கூடும். வேண்டுவன மூன்று செயல்கள். வட்டுகளையும் பழைய கணினிகளையும் எறியுமுன் கோப்புகளைப் படியெடுங்கள். அவற்றோடு எழுத்துருவையும், ஏதேனும் ஓர் அச்சுத்தாளையும் சேர்த்து வையுங்கள். பின்னர் ஒருங்குறிக்கு மாற்றுங்கள். சுரதாவின் ‘பொங்குதமிழ்’, ‘என்.எச்.எம்.’ மாற்றி போன்றவை பரவலான பழைய குறியீடுகளை மாற்றுவதற்கென்றே இலவசமாக உருவாக்கப்பட்டவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் ஏற்றிய பழந்தமிழ் நூல்களை இவ்வாறே ஒருங்குறிக்கு மாற்றிக் காத்துக்கொண்டது. சங்க இலக்கியத்துக்கு உலகெங்கும் படிகள் உண்டு. தோட்டத்து மனிதர்களின் சொற்களுக்கு நம்மிடம் இருப்பது ஒரே படி.

நெகிழ்வட்டின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் மங்கிக்கொண்டே போகும். அடுத்த பள்ளி விடுமுறையில் அலமாரியைத் திறந்து பாருங்கள்.