டிஎன்ஏவைப் பூட்டி வைக்கும் புரதங்கள்! அரிவாள் செல் நோய்க்கு தீர்வு கிடைத்தது எப்படி?

கண்ணில் இருக்கும் செல்லுக்கும் கல்லீரல் செல்லுக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். அப்புறம் எப்படி வேலை மட்டும் வேறு வேறு? டிஎன்ஏவைச் சுருட்டி வைத்திருக்கும் புரதங்களில்தான் விடை இருக்கிறது.

குரோமாட்டின் என்றால் என்ன?

ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் அது அடங்கியாக வேண்டும். ஹிஸ்டோன் புரதங்கள் 8 சேர்ந்த உருண்டைகள் மீது, நூல்கண்டு போல அது சுற்றப்பட்டிருக்கிறது. இந்தத் தொகுப்புதான் குரோமாட்டின்.

பூட்டுவதும் திறப்பதும்

ஹிஸ்டோன் மீது 'அசிட்டைல்' என்ற வேதிக்குறி ஒட்டினால் சுற்று தளரும். அங்குள்ள மரபணு வேலை செய்யும். குறியை நீக்கினால் சுற்று இறுகும். மரபணு அப்படியே இருக்கும், ஆனால் செயல்படாது.

கருவில் இருக்கும் குழந்தைக்கென்று தனி ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் அதன் மரபணு மூடப்பட்டு, பெரியவர்களுக்கான ஹீமோகுளோபின் வந்துவிடும். மூடும் வேலையைச் செய்வது 'பிசிஎல்11ஏ' என்ற புரதம். அசிட்டைல் குறியை நீக்கும் புரதங்களை அழைத்து வருவதும் இதுதான்.

அரிவாள் செல் நோயாளிகளுக்கு என்ன பிரச்னை?

இவர்களுக்கு, பின்னால் வரும் ஹீமோகுளோபினில்தான் கோளாறு. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்த நாளத்தை அடைக்கும். வலி தாங்க முடியாது. பிறந்த முதல் சில மாதங்களில் அறிகுறி தெரியாததற்குக் காரணம், கருவில் வந்த ஹீமோகுளோபின் தரும் பாதுகாப்பு.

பூட்டைத் திறந்த சிகிச்சை

அந்தப் பாதுகாப்பைத் திரும்பக் கொண்டுவருவதுதான் 'காஸ்ஜெவி' சிகிச்சை. கோளாறான மரபணுவை இது தொடுவதே இல்லை. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, பிசிஎல்11ஏ உற்பத்தியைத் தூண்டும் 'சுவிட்ச்' பகுதியை கிரிஸ்பர் முறையில் வெட்டிவிடுகிறார்கள். மூடும் புரதம் குறைய, பழைய மரபணு மீண்டும் திறக்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் இதற்கு ஒப்புதல் அளித்தன.

சாமானியருக்குக் கிடைக்குமா?

அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். செல்களைத் திரும்பச் செலுத்தும் முன் கடுமையான கீமோதெரபியும் தேவை. இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1952இல், நீலகிரி பழங்குடியினரிடம். இன்றும் பழங்குடி மக்களிடையேதான் பாதிப்பு அதிகம். 2047க்குள் நோயை ஒழிக்க, மத்திய அரசு 2023இல் தனி இயக்கம் தொடங்கியது. இப்போதைக்குக் கைகொடுப்பது ஹைட்ராக்ஸியூரியா என்ற மலிவான மருந்து. அதுவும் செய்வது, கருவில் இருந்த அதே ஹீமோகுளோபினைக் கூட்டுவதைத்தான்!