இணைக்குரல் அடங்கிய பின்



சேர்ந்து பாடிப் புகழ் பெற்றோருள் ஒருவர் மறைந்துவிட்டால் எஞ்சியோர் அடுத்துப் பாடுவது எவ்வாறு? ஆத்திரேலிய நாட்டின் ஏசி டிசி என்னும் ராக் இசைக்குழு 1980 பிப்ரவரியில் தன் தலைமைப் பாடகர் பான் ஸ்காட்டை இழந்தது. பிரையன் ஜான்சன் என்பாரை அவரிடத்தில் அமர்த்தி, அவ்வாண்டு ஜூலையிலேயே ‘பேக் இன் பிளாக்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் கறுப்பு அட்டை துக்கத்தின் அறிகுறி. அவர்கள் வேறொரு குரலைத் தேடிக்கொண்டனர். நம் காவிரிக் கரையில் பிறந்த ஓர் அம்மையார் கண்ட வழி வேறு.

சேலத்து அம்மாபேட்டையில் வாழும் எனக்குக் கொடுமுடி அயலூர் அன்று. அவ்வூரில் 1908-இல் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். இலங்கையில் நாடகமாடச் சென்ற இடத்தில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடித்தார். 1927-இல் இருவரும் மணந்தனர். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் அவர் வேடனாகவும் விருத்தனாகவும் வருவார்; இவர் வள்ளி. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் ஒலிபெருக்கியின் துணையின்றிக் குரல் எட்டவேண்டிய காலம் அது. இருவருக்கும் வாய்த்தது உச்சக் குரல். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார், பாட்டாலேயே வாதாடுவர். மக்கள் விடிய விடிய அமர்ந்திருந்தது அந்தப் போட்டிக்காகவே.

1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25. அவர் வெள்ளாடை பூண்டார். இனி எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார்.

மேடையைத் துறந்திருந்தவரை அசன்தாஸ் என்னும் படமுதலாளி ‘நந்தனார்’ படத்திற்கு அழைத்தார். தட்டிக்கழிக்கும் எண்ணத்துடனேயே அம்மையார் இலட்ச ரூபாய் கேட்டார் என்றும், முதலாளி இசைந்துவிட்டார் என்றும் சொல்லுவர். அத்தொகையையே எல்லோரும் வியந்து பேசுகின்றனர். எனக்கோ அவர் ஏற்ற வேடமே பெரிதாகத் தோன்றுகிறது. நந்தனார் ஆண்மகன், காதற் பாட்டுக்கு அங்கு இடமில்லை. எதிரில் வேதியராக நின்றவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆகவே விரதமும் கெடவில்லை, குரலும் முடங்கவில்லை.

1935-இல் வெளிவந்த அப்படம் எதிர்பார்த்த வெற்றியை அடையவில்லை. கல்கி கடுமையாகவே விமர்சித்தார். ஆயினும் அம்மையார் தம் உறுதியைத் தளர்த்தினாரில்லை. 1940-இல் துறவி மணிமேகலை, 1953-இல் ஔவையார். கிழவி வேடம் பூண்ட அந்நாளில் அவருக்கு ஐம்பது வயது கூட ஆகவில்லை.